வடிகால் கரைக் கரிசலாங்கண்ணி

அந்த வடிகாலைத் தாண்டுகிறவர்கள் யாரும் மூக்கைப் பொத்தாமல் தாண்டுவதில்லை. வள்ளிக்கண்ணு மட்டும் பொத்த மாட்டாள். பொத்திக்கொண்டால் எந்தக் கையால் இலை பறிப்பது? திருவானைக்காவலிலிருந்து கொள்ளிடக் கரைக்குப் போகிற வழியில், கல்யாண மண்டபத்து எச்சில் தண்ணீர், ஓட்டல் கழுநீர், வீடுகளின் கக்கூஸ் தண்ணீர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, கறுப்பாக நுரை கட்டி ஓடுகிற கால்வாய் அது. ஓடுகிறது என்று சொல்வதே அதற்கு அதிகப்படியான மரியாதை. நிற்கும், புளிக்கும், மழை பெய்தால் கொஞ்சம் நகரும். கரையில் சாம்பார்ச் சக்கையும் குழந்தைகளின் டயபரும் ஒதுங்கி ஊறிக் கிடக்கும். அந்தக் கருமத்தை எல்லாம் குடித்துத்தான் கரிசலாங்கண்ணி அங்கே முழங்கால் உயரம் மதமதவென்று நின்றது.

கொள்ளிடத்து மணல் மேட்டிலும் கரிசலாங்கண்ணி முளைக்கத்தான் செய்கிறது. ஆனால் அது நோஞ்சான். இங்கொன்றும் அங்கொன்றுமாக இருப்பதைக் கிள்ளிக் கிள்ளி ஒரு சாக்கை நிரப்புவதற்குள் இடுப்பு விட்டுப் போகும். வடிகால் கரையில் உட்கார்ந்த இடத்திலேயே சாக்கு நிறையும். பக்கத்துக் குப்பை மேட்டில் குப்பைமேனியும் துத்தியும் கேட்பாரற்று வளர்ந்து கிடந்தன. மூன்றையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் குணசீலன் நிறுத்து எடுத்துக்கொள்வான். அவனுடைய கொட்டகையில் அவற்றைக் காயப்போட்டு, அரைத்து, தங்க நிறப் பாக்கெட்டில் அடைத்து, ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்கு வருகிற ஜனங்களிடம் விற்றார்கள். பாக்கெட்டின் பெயர் குணமூலி. பெயரைப் பார்.

"ஏண்டி வள்ளி, வெயில் ஏறுது பாரு. நனைச்சிடு, நனைச்சிடு. தராசுக்குப் போறதுக்குள்ள வாடி வதங்கிப் பாதியாயிடும்" என்றாள் ரெங்கம்மாள். வள்ளிக்கண்ணுவோடு கூட இலை பறிக்கிறவள். வயதில் மூத்தவள், வாயிலும்.

சொல்லிக்கொண்டே தன் சாக்கைத் தூக்கி வடிகாலுக்குள் ஒரு முக்கு முக்கி எடுத்தாள். கறுப்புத் தண்ணீர் சாக்கின் நான்கு மூலையிலும் ஒழுகியது. இலை பறிக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. ஈரம் இருந்தால்தான் இலை வாடாது, வாடாத இலைக்குத்தான் எடை. அந்தப் பொட்டலில் குழாய்த் தண்ணீருக்கு எங்கே போவது? வள்ளிக்கண்ணு மட்டும் முக்க மாட்டாள். கையால் அள்ளி அள்ளித் தெளிப்பாள். அந்த மட்டில் தான் சுத்தக்காரி என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

"ராசப்பனுக்குக் கால் எப்படிடி இருக்கு?"

"அத ஏன்க்கா கேக்குற. போன வாரம் நல்லா காஞ்சு வந்துச்சு. டாக்டரம்மாவே பரவால்லன்னாங்க. இப்ப பாத்தா திரும்ப நசநசன்னு ஊறுது. வீட்டுக்குள்ள நொழைஞ்சாலே நாத்தம்."

"வாயக் கட்டியிருக்க மாட்டான். ஆம்பளைங்களுக்கு அது எங்க வரும்?"

"கட்டுறாருக்கா. காப்பிக்குச் சக்கர கெடையாது. ராத்திரிக்குக் கோதுமக் கஞ்சிதான். மாத்திரைய நானே என் கையால பிரிச்சு வாயில போடுறேன். பின்ன ஏன் இப்படி ஆவுதுன்னுதான் புரியல."

"அந்தக் கால் ஆறணும்டி. கிளச்சு மிதிக்கிற காலாச்சே."

"ஆமாக்கா, அந்தக் கால நம்பித்தான குடும்பமே ஓடுது."

ராசப்பன் மினி பஸ் டிரைவர். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஓட்டுகிறவன். பஸ்ஸுக்குள் கிடந்த ஒரு துருப்பிடித்த ஆணி செருப்பைத் துளைத்துக்கொண்டு இடது காலில் ஏறியது அவனுக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை வியாதி காலை அப்படி மரத்துப்போக வைத்திருந்தது. சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது கட்டை விரலுக்குக் கீழே ரத்தம் பிசுபிசுத்த பிறகுதான் பார்த்தான். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா முதல் நாளே கண்டித்துச் சொல்லிவிட்டாள்: "காயத்துல தண்ணி படக்கூடாது. நாங்க குடுக்குற மருந்தத் தவிர எலை, தழை, மஞ்சள், எண்ணெய் ஒண்ணும் வெக்கக்கூடாது. வெச்சீங்கன்னா அப்பறம் கால எடுக்கணும், என்னச் சொல்லாதீங்க."

தலையாட்டிவிட்டு வந்தார்கள். வள்ளிக்கண்ணு அந்தப் பேச்சை ஒரு நாளும் மீறவில்லை. தினம் இலையோடு புழங்குகிறவள், ஒரு இலையைக்கூடப் புருஷன் காலுக்குக் கொண்டுவரவில்லை. அந்த மட்டில் அவளைக் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல வேண்டியது வேறு ஒன்று. போன ஆடியில் நடந்தது. கல்லூரியில் ஆராய்ச்சி பண்ணுகிற தஸ்லிமா என்ற பெண், காட்டு மூலிகைகளில் கிருமியைக் கொல்லுகிற சத்து எவ்வளவு இருக்கிறது என்று பரிசோதித்துக்கொண்டிருந்தாள். எப்படியோ மோப்பம் பிடித்துப் போய் குணசீலன் அவளுக்கு இலை தருவதாக ஒப்புக்கொண்டான். வள்ளிக்கண்ணுவைக் கூப்பிட்டுச் சொன்னான்:

"ஏம்மா வள்ளி, நாளைக்கு டெஸ்டுக்குப் போற எலை. வடிகால் எலை வேணாம். கொள்ளிடத்து மணல் மேட்டுல பாத்துப் பறி. நல்ல தண்ணியில ரெண்டு தரம் அலசிக் கொண்டா."

வடிகால் இலை வேண்டாம் என்று அவன் வாயாலேயே சொன்னானே, அப்போதே உறைத்திருக்க வேண்டாமா? உறைத்தது. உறைத்ததை முந்தானையால் துடைத்துப் போட்டுவிட்டு, மணல் மேட்டில் போய்ப் பறித்து, பளிச்சென்று அலசிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தஸ்லிமா நல்ல பெண். முடிவு வந்ததும் குணசீலனையும் இவளையும் கூப்பிட்டு வைத்துக் காட்டினாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடித் தட்டு. அதில் பால் ஆடை படிந்த மாதிரி கிருமி. நடுவில் இலைச் சாறு நனைத்த சின்னப் பொட்டு. பொட்டைச் சுற்றி மட்டும் தெளிவாக ஒரு வளையம்.

"இந்த வளையத்துக்குள்ள கிருமி வளரலக்கா. நீங்க பறிச்ச எலையோட சாறுதான் தடுத்துருக்கு. ஆன்டி ஆக்ஸிடன்ட்டும் நல்லாருக்கு."

"அப்படின்னா புண்ணெல்லாம் ஆறிடுமா பாப்பா?"

"அவ்ளோ சீக்கிரம் அப்படிச் சொல்ல முடியாதுக்கா. இது சாறு எடுத்து, வடிகட்டி, தட்டுல பாத்தது. மனுஷங்களுக்குப் பாக்க இன்னும் எவ்ளோவோ இருக்கு."

குணசீலன் காதில் பின்பாதி விழவில்லை. வளையத்தை மட்டும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து பாக்கெட்டின் மேல் அச்சடித்தான். 'ஆன்டி பாக்டீரியல், ஆன்டி ஆக்ஸிடன்ட், ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது.' காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் ஒரு ஸ்பூன். ஆறாத புண்ணுக்கு மேலே தூவலாம். வள்ளிக்கண்ணுவும் வீட்டுக்கு ஓடிப்போய் ராசப்பனிடம் பீற்றிக்கொண்டாள். "நா பறிச்ச எலை கிருமியக் கொன்னுச்சுங்க. கண்ணால பாத்தேன். சுத்தி வளையம் போட்டாப்புல நிக்குது." அந்த மணல்மேட்டுக் கதையை மட்டும் சொல்லவில்லை. அதை ஏன் சொல்லப்போகிறாள்?

இப்போது தராசில் சாக்கை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தவளை வாசலிலேயே அந்த நாற்றம் பிடித்து நிறுத்தியது. செத்த எலி எங்கோ பரணில் கிடப்பது போன்ற நாற்றம். ராசப்பன் கட்டிலில் காலை நீட்டி, டிவியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு ஈக்கள் கட்டுத் துணியைச் சுற்றிச் சுற்றி வந்தன.

"காலைக் காட்டுங்க."

"முந்தாநாள்தான் ஆஸ்பத்திரியில கட்டிட்டு வந்தேன். எதுக்குப் பிரிக்கணும்?"

"காட்டுங்கங்கறேன்ல."

கட்டைப் பிரித்தாள். துணி சதையோடு ஒட்டிக்கொண்டு பிசினாக இழுத்தது. புண்ணுக்குள் கரும்பச்சையாக ஏதோ சேறு. மண் மாதிரி நெறுநெறுவென்று, சீழோடு குழைந்து, விரல் இடுக்கெல்லாம் வழிந்து கிடந்தது. பக்கத்து விரல் நாவல்பழ நிறத்தில் இருந்தது. சீச்சீ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"என்ன கருமத்தப் போட்டீங்க இதுல?"

ராசப்பன் திருட்டுத்தனமாகச் சிரித்தான். தலையணைக்குக் கீழே கைவிட்டுத் தங்க நிறப் பாக்கெட்டை எடுத்தான். குணமூலி. மேலே வளையம் போட்ட படம்.

"கோச்சுக்காத புள்ள. டாக்டரம்மா கட்டிவிட்டதும் வீட்டுக்கு வந்து கொஞ்சம் அவுத்து இதத் தூவிட்டுத் திரும்பக் கட்டிக்குவேன். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போறப்ப தொடச்சிட்டுப் போயிடுவேன். கண்டக்டர்தான் ஸ்ரீரங்கத்துல வாங்கியாந்தான். சீக்கிரம் ஆறினா வேலைக்குப் போலாம்னு."

"ஒண்ணும் வெக்கக்கூடாதுன்னு அந்தம்மா தலபாடா அடிச்சுக்குச்சே!"

"கண்ட எலையா இது? நீ பறிச்ச எலை. ஊரான் பறிச்சதுன்னா நா தொட்டிருப்பனா? உன் கை பட்டதுன்னுதான் நம்பிப் போட்டேன்."

வள்ளிக்கண்ணு பாக்கெட்டைப் பிரித்து மோந்து பார்த்தாள். மற்றவர்களுக்கு அது மூலிகை வாசனையாக இருக்கும். அவளுக்கு அதற்கு அடியில் இருந்த இன்னொரு வாசனையும் தெரிந்தது. வடிகால். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. "கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று மட்டும் சொன்னாள்.

ஆட்டோவில் பாலத்தின் மேல் போகும்போது காவிரிக் காற்று அடித்தும் அந்த நாற்றம் அவர்களை விட்டுப் போகவில்லை. ஆட்டோக்காரன் தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினான்.

டாக்டரம்மா புண்ணைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலாம். அன்றைக்கே இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு பேனாவை எடுத்துக் கணுக்காலுக்குக் கீழே ஒரு கோடு போட்டாள். "செவப்பு இந்தக் கோட்டத் தாண்டாம இருந்தா பாதத்தக் காப்பாத்தலாம். தாண்டிடுச்சுன்னா கணுக்காலோட எடுக்கணும்மா. என்னதான் போட்டாரு?"

"ஏதோ பொடிங்க டாக்டர்."

"என்ன பொடி?"

"தெரியலங்க."

தெரியலையாம். யாருக்குத் தெரியவில்லை?

பாக்கெட்டை இடுப்பில் சொருகிக்கொண்டு தஸ்லிமாவைத் தேடிப் போனாள். அந்தப் பெண் ஒரு சிட்டிகை எடுத்துச் சுத்தமான தண்ணீரில் கரைத்துத் தட்டில் தடவி, மறுநாள் வரச் சொன்னாள். மறுநாள் போனபோது தட்டைக் காட்டுவதற்கே தயங்கினாள். தட்டில் பொட்டு இடம்கூடக் காலி இல்லை. மஞ்சளாக வழவழவென்று சளி மாதிரி ஒன்று மூடியிருந்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை மயிர் மயிராக நின்றது. மூடியைத் திறக்காமலே குப்பென்று வீசியது.

"தொறக்காதீங்கக்கா. பக்கத்துல வராதீங்க."

"வளையம் எங்க பாப்பா?"

"இதுல எப்படிக்கா வளையம் வரும்? எலையில சத்து இருக்கறது நெசம். அது கொஞ்சமா இருக்கும். இதுல சாக்கடைக் கிருமி மொத்தமா குடியிருக்கு. இது கழிவுத் தண்ணியில இருக்கற ஜாதி." தஸ்லிமா நோட்டைப் பிரித்தாள். "நா டெஸ்ட் பண்ணினது சுத்தமான எலைக்கா. கொள்ளிடத்துல பறிச்சேன்னு நீங்கதான சொன்னீங்க? இது எங்க பறிச்சது?"

வள்ளிக்கண்ணு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் காலுக்குள் இருந்ததும் இதுதான்.

"சொல்லுங்கக்கா. நா இத எழுதிப் புகார் குடுக்கணும். எங்க பறிச்சது?"

"எனக்கு எப்படித் தெரியும் பாப்பா. எத்தனையோ பேரு பறிச்சுப் போடுறாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் இறங்கும்போது தன் உள்ளங்கையை மோந்து பார்த்தாள். சோப்புப் போட்டுக் கழுவிய கைதான். அதிலும் வடிகால் வீசியது. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள்.

காலில் பரவிய சிவப்பு, டாக்டரம்மா போட்ட கோட்டைத் தாண்டிவிட்டது. காலையில் டாக்டரம்மா வந்து பார்த்து, நாளைக்குக் கணுக்காலோடு எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். ராசப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு மெதுவாகக் கூப்பிட்டான்.

"வள்ளி, அந்தப் பொடி மிச்சம் இருக்குல்ல? இன்னிக்கு ஒரு நாள் யாருக்கும் தெரியாமப் போட்டுப் பாப்போம்."

"சும்மா இருங்க."

"இல்ல புள்ள. நடுவுல விட்டதாலதான் இப்படி ஆயிடுச்சோன்னு எனக்குத் தோணுது. நீதான் பாத்தியே, வளையம் போட்டு நின்னுச்சுன்னு. கால் போனா நா என்ன ஆவறது? கிளச்ச எதுல மிதிக்கிறது?"

அவள் பதில் சொல்வதற்குள் குணசீலன் வார்டுக்குள் நுழைந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், ஒரு கையில் ஆரஞ்சுப் பை. இன்னொரு கையில், தூ, இரண்டு தங்க நிறப் பாக்கெட். மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு கட்டிலிலிருந்து தள்ளியே நின்றான்.

"என்னப்பா ராசப்பா, கேள்விப்பட்டதுமே ஓடியாந்தேன். தைரியமா இரு. இத உள்ளுக்குச் சாப்புடு. ஆன்டி ஆக்ஸிடன்ட். ரத்தமெல்லாம் சுத்தமாயிடும்." இவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "ஏம்மா, காலேஜுப் பக்கம் ஏதோ போனியாமே? அதெல்லாம் நமக்கு எதுக்கு? சரக்கு வேற கொறையுது. இவரு ஆபரேஷன் முடிஞ்சதும் வந்துடு."

வள்ளிக்கண்ணு அவன் கையிலிருந்த பாக்கெட்டில் ஒன்றை வாங்கிப் பல்லால் கடித்துக் கிழித்தாள். பிளாஸ்கிலிருந்து டம்ளரில் வெந்நீர் ஊற்றி, ஒரு ஸ்பூன் பொடியைப் போட்டுக் கலக்கினாள். தண்ணீர் கறுத்துப் பச்சையானது. மேலே நுரை கட்டியது. அதை அவனிடம் நீட்டினாள்.

"குடிங்கண்ணே."

"எனக்கு எதுக்கும்மா? பேஷண்டுக்குக் குடு."

"நீங்க மொதல்ல ஒரு வாய் குடிங்க. அவருக்கும் தெம்பா இருக்கும்."

"குடிங்கண்ணே" என்றான் ராசப்பனும், சிரித்தபடி.

"இல்லல்ல, இப்பத்தான் காப்பி சாப்ட்டேன். இது வெறும் வயித்துலதான்..."

"அப்ப நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க. கலந்து வெக்கிறேன். நீங்க வீட்டுல குடிக்கிறது உண்டா? உங்க சம்சாரம்? புள்ளைங்க? சொல்லுங்கண்ணே. இது எங்க வெளைஞ்சதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டெஸ்டுக்கு மட்டும் வடிகால் எலை வேணாம்னு சொல்லத் தெரிஞ்சுதுல்ல? இந்த மனுஷன் கால் நாளைக்குப் போவுதே, அதுக்கு வேற எலை வெச்சிருக்கீங்களா?"

அவள் குரல் உயர உயரப் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். குணசீலனுடைய முகத்திலிருந்து சந்தனத்தைத் தவிர மற்ற எல்லாம் வழிந்து போனது. கைக்குட்டையை எடுத்துவிட்டுச் சீறினான்.

"இந்தா, வார்த்தைய அளந்து பேசு. நானா வடிகால்ல எறங்கிப் பறிச்சேன்? அந்தச் சாக்கடத் தண்ணிய அள்ளி அள்ளி எலை மேல தெளிச்சது நானா? எடைக்கு ஆசைப்பட்டுத் தெளிச்சது நீ. வந்தத நிறுத்து வாங்கினேன், அவ்வளவுதான். புருஷன் காலுக்குப் பழிய எங்கிட்டப் போடாத."

ஆரஞ்சுப் பையை ஸ்டூலில் வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான். பாக்கெட் இரண்டையும் மறக்காமல் எடுத்துக்கொண்டான்.

மேலே மின்விசிறி கடகடத்தது. வள்ளிக்கண்ணு டம்ளரைப் பிடித்தபடியே நின்றாள். ராசப்பன் அவளையே பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அழுதாவது தொலைத்திருப்பாள். அவன் சின்னப்பிள்ளை மாதிரி பார்த்தான்.

"அந்தாளு சொல்றது பொய்தான வள்ளி?"

அவள் தலைகுனிந்தாள்.

"பொய்யின்னா நீ ஒரு வாய் குடி. உன் கையால பறிச்சதுதான? குடி, பாப்போம்."

குடித்துவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். குடித்துச் செத்தாலும் பரவாயில்லை, அவன் நம்பினால் போதும் என்று டம்ளரைத் தூக்கினாள். உதட்டுக்குக் கிட்டே கொண்டுபோனதும் அந்த வாசனை எழுந்து முகத்தில் அடித்தது. டயபரும் சாம்பார்ச் சக்கையும் கறுப்பு நுரையும் கண்ணுக்கு முன்னால் நின்றன. டம்ளரைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராசப்பன் போர்வையை இழுத்துக் கால்வரை மூடிக்கொண்டான். மத்தியான மாத்திரை நேரம். அவள் பழக்கதோஷத்தில் ஸ்டூலிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி, உள்ளங்கையில் வைத்து அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நர்ஸம்மாவக் குடுக்கச் சொல்லு வள்ளி. நீ குடுக்காத."